கிளிப்பிள்ளைக்குச் சொன்னாற்போல

'கிளிப்பிள்ளைக்குச் சொன்னாற்போலச் சொன்னேன்' என்று நம் வீடுகளில் ஒரு வழக்கு உண்டு. பொறுமையோடும் அன்போடும் பலமுறை சொன்னேன் என்பது அதன் பொருள். 'சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை' என்று மற்றொரு வழக்கும் உண்டு. பொருள் உணராமல் ஒப்பிப்பவனைச் சுட்டுவது அது. முன்னது கற்பிப்பவரைப் பற்றியது. பின்னது கற்பவரைப் பற்றியது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் காலம் கழித்த நான், இவ்விரண்டின் உட்பொருளையும் ஒரு கிளியினிடமே கற்றேன்.

அது 1970ஆம் ஆண்டு. எனக்கு வயது பதினொன்று. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் செண்பகத்தோப்பு இருக்கிறது. காட்டழகர் கோயிலுக்குச் செல்வோர் அவ்வழியாகத்தான் மலையேற வேண்டும். அங்கே விறகு பொறுக்கச் சென்ற ஒருவர், மரப்பொந்திலிருந்து எடுத்த கிளிக்குஞ்சு ஒன்றை மாசி மாதத்தில் என்னிடம் கொடுத்தார். செந்தார்ப் பைங்கிளி என்னும் இனம் அது. உடம்பில் இறகு முழுமையாக முளைக்கவில்லை. ஊறவைத்த கடலையை மசித்து ஊட்டி வளர்த்தேன்.

ஆடிப்பூரத் தேருக்கு உறவினர் எல்லாரும் எங்கள் வீட்டிற்கு வருவது வழக்கம். அவர்கள் வாசலில் கால் வைத்தவுடன் கிளி 'வாங்க' என்று அழைக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆசை மட்டுமா? தெருப் பிள்ளைகளிடம் பந்தயமும் கட்டிவிட்டேன். காலையும் மாலையும் கூண்டின் முன் அமர்ந்து, "வாங்க, வாங்க" என்று தொண்டை வறளச் சொன்னேன். கிளி தலையைச் சாய்த்துக் கேட்டதேயன்றி வாய் திறக்கவில்லை. ஆடி பிறந்தது. எனக்குச் சினமும் பிறந்தது. "சொல்லு! சொல்லு!" என்று கூண்டைத் தட்டி அதட்டினேன். தேருக்கு இரண்டு நாள் முன்பு, ஒருவரும் அறியாமல், அதன் தீனியையும் நிறுத்தினேன்.

தேரன்று காலையில் வீடு நிறைய உறவினர். கிளியோ சிறகை உப்பிக்கொண்டு, கண்ணை மூடி, மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. பாட்டி பார்த்தார், தீனிக் கிண்ணத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "பசிக்கிறவனுக்கு எங்கேயடா ராசா பாடம் ஏறும்?" என்று கேட்டார். அவ்வளவுதான். அந்தக் கேள்விக்கு நான் இன்றுவரை விடை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நம் ஆண்டாளின் நாச்சியார் திருமொழியிலும் ஒரு கூட்டுக் கிளி வருகிறது. அது ஓயாமல் கோவிந்தன் பெயரைச் சொல்கிறது. தண்டனையாக உணவை நிறுத்தினால், உலகளந்தவன் என்று முன்னினும் உரக்கக் கூவுகிறது. பட்டினியால் அதன் வாயை அடைக்க இயலவில்லை. அன்று பாட்டி இதை எனக்குச் சொல்லிவிட்டு, "பட்டினி போட்டு அந்தச் சொல்லைக் கற்பித்ததாக ஆண்டாள் எங்கும் சொல்லவில்லை, பார்த்தாயா?" என்றார்.

கிளி பிழைத்தது. புரட்டாசியில் ஒரு நாள் அது முதன்முதலாகப் பேசியது. என்ன பேசியது தெரியுமா? 'வாங்க' என்று அன்று. "சொல்லு! சொல்லு!" என்றது, அதுவும் என் குரலில், என் அதட்டலோடு! வீடே சிரித்தது. நான் மட்டும் தலைகுனிந்தேன். நாம் கற்பிக்க எண்ணியது ஒன்று, கிளி கற்றுக்கொண்டது வேறொன்று.

பிறகு பாட்டி பாடத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். என் தங்கையை வெளியே அனுப்பி, வாசற்படி ஏறி வரச் செய்வார். அவள் படியில் கால் வைத்ததும், பாட்டி முகம் மலர்ந்து "வாங்க" என்பார். உடனே தங்கை ஒரு கொய்யாத் துண்டைப் பாட்டியிடம் கொடுப்பாள். பாட்டி அதைச் சுவைத்துத் தின்பார். கிளி இதையெல்லாம் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டேயிருக்கும். சில வாரங்களில், தங்கை படியேறும்போது பாட்டியை முந்திக்கொண்டு அதுவே "வாங்க" என்றது! பழம் அதற்குக் கிடைத்தது. யாரும் வராதபோது சொன்னால் பழம் இல்லை; ஆனால் அதட்டலும் இல்லை. இவ்வாறு, வரவேண்டிய இடத்தில் சொல் வரத் தொடங்கியது.

பல்லாண்டு கழித்து, அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பர்க் என்னும் அறிவியலார் செய்த ஆராய்ச்சியைப் படித்து வியந்துபோனேன். 1977ஆம் ஆண்டு அலெக்ஸ் என்னும் ஆப்பிரிக்கச் சாம்பற்கிளியை வாங்கி, அது 2007இல் இறக்கும் வரை அவர் பயிற்றுவித்தார். ஒருவர் பொருளைக் காட்டிக் கேட்பார், மற்றொருவர் பெயர் சொல்லி அப்பொருளையே பரிசாகப் பெறுவார், கிளி பார்த்திருக்கும். அதற்கும் முறை வரும். இவ்வாறு கற்ற அலெக்ஸ் நிறம், வடிவம், ஆறு வரை எண்ணிக்கை ஆகியவற்றைப் பிரித்துச் சொல்லியது. எழுத்தறியாத என் பாட்டி எங்கள் திண்ணையில் செய்ததும் ஏறத்தாழ இதுவே அன்றோ!

ஆசிரியர் பயிற்சியில், 'தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க' என்று எங்களுக்குக் கற்பித்தார்கள். ஆயினும் நான் ஆசிரியனான புதிதில், வாய்ப்பாடு சொல்லாமல் நின்ற ஒரு சிறுவனை, "சொல்லு! சொல்லு!" என்று மேசையைத் தட்டி அதட்டினேன். அந்தக் குரல் என் காதில் விழுந்த கணமே, புரட்டாசி மாதத்துக் கிளி நினைவுக்கு வந்தது. கோலைக் கீழே வைத்தேன். "காலையில் சாப்பிட்டாயா, தம்பி?" என்று கேட்டேன். அவன் இல்லையென்று தலையசைத்தான். அன்றைக்கு என் உணவில் பாதியை அவனுக்குக் கொடுத்தேன். மறுவாரம் புளியங்கொட்டைகளைப் பரப்பிவைத்து, நானும் வேறொரு மாணவனும் அடுக்கி அடுக்கி விளையாடினோம். மூன்றாம் நாள் அவன் தானே வந்து உட்கார்ந்தான்.

இனி, என் குற்றம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கிளி ஒன்பது ஆண்டு எங்களோடு இருந்தது. கழுத்தில் செந்தார் தோன்றிய பிறகும் தன் இனத்தோடு பறக்காமலேயே அது இறந்தது. நம்மோடு பேசியது என்று மகிழ்ந்தோம். பேச வேறு துணையில்லாமல்தான் நம் மொழியைக் கற்றது என்பதை எண்ணிப் பார்த்தோமில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் கூண்டில் வளர்ப்பதும் இன்று குற்றமாகும். செண்பகத்தோப்பு அமைந்த காடு 1988இல் நரை அணில் சரணாலயமாயிற்று. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது.

அண்மையில் என் பேரன், "தாத்தா, எனக்கொரு பேசுங்கிளி வேண்டும்" என்று கேட்டான். அவனை ஆண்டாள் சந்நிதிக்கு அழைத்துச் சென்று, தாயாரின் இடக்கரத்தில், இலையால் உடலும் மாதுளம்பூவால் அலகும் அமைத்த கிளியைக் காட்டினேன். மறுநாள் விடியற்காலையில் செண்பகத்தோப்பு அடிவாரத்திற்குச் சென்றோம். தலைக்கு மேலே ஒரு கூட்டம் கிறீச்சிட்டுக்கொண்டு பறந்தது. "என்ன சொல்கின்றன, தாத்தா?" என்றான் பேரன்.

"ஒன்றையொன்று 'வாங்க' என்று அழைக்கின்றனவோ என்னவோ!" என்றேன். அவன் அண்ணாந்து பார்த்து, "வாங்க!" என்று கூவினான். ஒரு கிளியும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அது நிறைவாகவே இருந்தது.