வெட்கத்துக்காக வலியைச் சுமக்க வேண்டாம்

(ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் குழு நடத்திய குடும்ப நலக் கூட்டங்களில் ஆற்றிய உரை)





சர்க்கரை, ரத்த அழுத்தம், கண்புரை பற்றியெல்லாம் நாம் கூடிப் பேசியிருக்கிறோம். இன்று பேசப்போவது, வீட்டுக்குள்ளேயே வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் ஒரு நோய். மலம் கழிக்கும் இடத்தில் ஏற்படும் வெடிப்பு. டாக்டர்கள் இதை 'ஃபிஷர்' என்கிறார்கள். சிரிக்க நினைப்பவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். இந்த வலியை அனுபவித்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

உதவி கேட்டு நம்மிடம் வந்த ஒரு சகோதரிதான் இந்தப் பேச்சுக்குக் காரணம். "என் பேரைச் சொல்லாம நடந்ததை மட்டும் சொல்லுங்க, நாலு பேருக்கு உதவட்டும்" என்று அவரே அனுமதி கொடுத்தார்.

அவருக்கு சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி மடித்துக் கட்டும் வேலை. மலச்சிக்கல் ரொம்ப நாளாகவே இருந்தது. வேலை இடத்தில் கழிப்பறைக்குப் போகச் சங்கடப்பட்டு அடக்கிக்கொள்வார். ஒருநாள் காலையில் கண்ணாடித் துண்டு கிழித்ததுபோல் வலி. இரண்டு சொட்டு சிவப்பு ரத்தம். எழுந்து வந்த பிறகும் இரண்டு மணி நேரம் எரிச்சல் அடங்கவில்லை. மறுநாள் கழிப்பறைக்குப் போகவே பயம். போகாமல் இருக்கலாம் என்று சாப்பாட்டைக் குறைத்தார், தண்ணீரையும் குறைத்தார். மலம் இன்னும் இறுகியது. புண் மறுபடி மறுபடி கிழிந்தது. இப்படியே எட்டு மாதம் போனது. "ஏன் சரியா உட்கார மாட்டேங்கிற?" என்று கணவர் கேட்டதற்கு, "இடுப்பு வலிங்க" என்று சொல்லிச் சமாளித்தார்.

பிறகு, சுவரில் எழுதியிருந்த 'மூலம், பவுத்திரம்' விளம்பரத்தைப் பார்த்து ஓர் இடத்துக்குப் போனார். படிப்பு என்ன, பட்டம் என்ன என்று கேட்கவில்லை. கம்மலை அடகு வைத்துப் பணம் கட்டினார். ஏதோ ஒரு மருந்தைப் பூசினார்கள், புண் வெந்துபோனது. அதற்குப் பிறகுதான் நம்மிடம் ஆபரேஷனுக்குக் கடன் கேட்டு வந்தார். "புத்துநோயா இருந்தா என் பிள்ளைகளை யார் பார்ப்பா?" என்று அழுதார். தம் கையால் மடித்துக் கட்டும் துணி எத்தனையோ ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. அவர் மட்டும் ஓர் ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்கவில்லை. காரணம் வெட்கம்.

வெட்கம் ஈமானின் பகுதி என்பதை நாம் அறிவோம். ஆனால் தேவையானதைக் கேட்பதற்கு அது தடையில்லை. பெண்களின் குளிப்புக் கடமை பற்றிய அந்தரங்கமான சந்தேகத்தை உம்மு சுலைம் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடமே நேரில் கேட்டார்கள். மார்க்கத்தை அறிந்துகொள்ள வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டினார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்னு சீனா தமது 'அல்கானூன்' நூலில் இந்த இடத்து வெடிப்பைப் பற்றியும் எழுதினார். லண்டனில் பிரடெரிக் சால்மன் என்ற டாக்டர் 1835இல், இந்த இடத்து நோய்களால் அவதிப்பட்ட ஏழைகளுக்கென்றே ஏழு கட்டில்களோடு ஒரு சிறு மருத்துவமனையைத் தொடங்கினார். அதுதான் இன்று பெயர்பெற்ற செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனை. ஆகவே இது புதிய நோயுமல்ல, யாருக்கும் வராத நோயுமல்ல.

நம் ஊரில் ஆசனவாயில் எது வந்தாலும் 'மூலம்' என்றுதான் சொல்கிறோம். உண்மையில் மூன்றும் வேறு வேறு. மூலம் என்பது உள்ளே ரத்தக்குழாய்த் திசு வீங்குவது. பெரும்பாலும் வலியில்லாமல் ரத்தம் போகும். பவுத்திரம் என்பது சீழ் வடியும் துளை. வெடிப்பு என்பது ஆசனவாயின் மெல்லிய தோலில் விழும் கீறல். ரத்தம் கொஞ்சம்தான், வலியோ மிக அதிகம். கெட்டியான மலம் கிழிப்பதால்தான் பெரும்பாலும் வரும். கடுமையான வயிற்றுப்போக்கு, பிரசவம் ஆகியவற்றாலும் வரலாம். கீறல் வலித்ததும் அங்குள்ள தசை இறுகிக்கொள்ளும். இறுகினால் ரத்த ஓட்டம் குறையும். ரத்தம் வராத இடத்தில் புண் எப்படி ஆறும்? ஆறாத புண் மறுநாள் மீண்டும் கிழியும். இந்தச் சுற்றை உடைப்பதுதான் வைத்தியம். ஆறு, எட்டு வாரத்துக்குள் வருபவர்களுக்குப் பெரும்பாலும் எளிதில் ஆறிவிடும். அதைத் தாண்டினால் நாள்பட்ட வெடிப்பு என்று கணக்கு.

சரி, யாரிடம் போவது? பொது அறுவை சிகிச்சை நிபுணரிடம். 'சர்ஜன்' என்றதும் கத்தியோடு நிற்பார் என்று பயப்பட வேண்டாம்; இந்த நோயைப் பார்த்துச் சொல்வதும் அவர் வேலைதான். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. கூடுதல் பரிசோதனை தேவைப்பட்டால் 2022இல் தொடங்கிய விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையும் இருக்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்பவர்கள் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.

அந்தச் சகோதரியோடு நம் குழுப் பெண்கள் இருவர் போனார்கள். முதல் நாள் அங்கே என்ன நடக்கும் என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

முதலில் டாக்டர் கேள்விகள் கேட்பார். எத்தனை நாளாக வலி, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, ரத்தம் சிவப்பா கறுப்பா, மலம் எப்படிப் போகிறது, எடை குறைந்ததா, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் உண்டா, வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பார். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்; நம் சகோதரி அப்படித்தான் செய்தார். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அடுத்தது பரிசோதனை. இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து முழங்காலை மடக்கச் சொல்வார்கள். தேவையான இடம் தவிர மற்றதெல்லாம் மூடியிருக்கும். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம். இல்லையென்றால் நர்ஸ் ஒருவரோ, நம்மோடு வந்தவரோ கூட நிற்கட்டும் என்று கேட்கலாம். தோலை மெதுவாக விலக்கிப் பார்த்தாலே பெரும்பாலும் வெடிப்பு தெரிந்துவிடும். விரலோ கருவியோ விட்டுப் பார்ப்பது தாங்க முடியாத வலியாக இருந்தால், "இன்னொரு நாள் பார்க்கலாமா?" என்று தயங்காமல் கேளுங்கள். புண் கொஞ்சம் ஆறிய பிறகு பார்ப்பார்கள்.

நம் சகோதரிக்குப் பரிசோதனை ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "இது புற்றுநோய் இல்லைம்மா, வெடிப்புதான். எட்டு மாசத்துக்கு முன்னாடியே வந்திருக்கலாமே" என்றார் டாக்டர். அந்தச் சகோதரி அங்கேயே அழுதுவிட்டார். இந்த முறை நிம்மதியில்.

ஆபரேஷன் எழுதவில்லை. மலத்தை இளக்க இசப்கோல் உமி, நிறையத் தண்ணீர், மலம் கழித்த பின் அகலமான தொட்டியில் வெதுவெதுப்பான நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் உட்காருதல், தசையை இளக்கும் களிம்பு ஒன்று ஆகியவற்றைச் சொல்லி அனுப்பினார். டில்டியாசெம், நைட்ரோகிளிசரின் போன்ற களிம்புகளை ஆறு முதல் எட்டு வாரம் தடவச் சொல்வது வழக்கம். சிலருக்குத் தலைவலி வரும். வந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். வலி குறைந்ததும் பாதியில் நிறுத்தக் கூடாது. இந்தக் களிம்புகளை மருந்துக் கடையில் நாமாகக் கேட்டு வாங்கவும் கூடாது.

இரண்டு மாதத்தில் அவருக்குப் புண் ஆறியது, அல்ஹம்துலில்லாஹ். கேட்டு வந்த கடன் தேவைப்படவில்லை. கம்மலை மட்டும் மீட்டுக் கொடுத்தோம்.

எல்லோருக்கும் களிம்பிலேயே ஆறிவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆறாதவர்களுக்கு, இறுகிய உள்தசையில் ஒரு சிறு பகுதியை வெட்டித் தளர்த்தும் அறுவை சிகிச்சை உண்டு. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாகிறது. சிலருக்குக் காற்றை அடக்குவதில் சிரமம் ஏற்படலாம் என்பதால், அதன் நன்மை தீமைகளை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சில அறிகுறிகள் இருந்தால் ஒரு வாரம்கூடத் தாமதிக்கக் கூடாது. எடை குறைதல், கறுப்பாகவோ மலத்தோடு கலந்தோ ரத்தம் போதல், நாற்பது வயதுக்கு மேல் மலப்பழக்கம் திடீரென மாறுதல், காய்ச்சலோடு வீக்கம், சீழ் ஆகியவைதான் அவை. காசநோய், குடல் அழற்சி, புற்றுநோய் போன்றவையும் வெடிப்புபோல் தோன்றலாம். அதனால்தான் சுவர் விளம்பர வைத்தியம் ஆபத்து என்கிறோம்.

இனி வீட்டில் கவனிக்க வேண்டியவை. விருதுநகர் எண்ணெய் பரோட்டாவையும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவையும் விட்டுவிடச் சொன்னால் நம்மை யாரும் அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிட மாட்டீர்கள். ஆனால் இரண்டிலும் நார்ச்சத்து என்று சொல்லும்படி இல்லை. பிரியாணி சாப்பிட்ட அன்றும் ஒரு கீரை, ஒரு கொய்யா, வாழைத்தண்டு என்று ஏதாவது சேருங்கள். கம்பங்கூழை மறக்காதீர்கள். மலம் வரும்போது அடக்காதீர்கள். கழிப்பறையில் போனோடு அரைமணி நேரம் உட்காராதீர்கள். தண்ணீரால் சுத்தம் செய்யும் நம் வழக்கமே நல்லது. புண்ணில் சோப்போ டெட்டாலோ வேண்டாம்.

ரமளானில் தண்ணீர் குறைவு, வடையும் சமோசாவும் அதிகம். பழைய வெடிப்பு மீண்டும் திறந்துகொள்ள அதுவே போதும். இஃப்தாரிலிருந்து சஹர் வரை சிறுகச் சிறுகத் தண்ணீர் குடியுங்கள். நோன்புக் கஞ்சி, பேரீச்சை, பழங்கள் இருக்கட்டும். இரவு நேரத்திலேயே களிம்பு தடவும்படி வேளையை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ரத்தக்கசிவு இருக்கும்போது ஒளூ எப்படி, வலியில் உட்கார்ந்து தொழலாமா, நோன்பில் மருந்து எப்படி என்பவற்றை நம் ஆலிம்களிடம் கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை வைத்திருக்கிறது.

கடைசியாக ஆண்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் மனைவியோ, மகளோ, வயதான அத்தாவோ அம்மாவோ உட்காரத் தயங்கினால், கழிப்பறையிலிருந்து கண் கலங்கி வந்தால், சாப்பாட்டைக் குறைத்தால், ஏன் என்று அன்பாகக் கேளுங்கள். அந்தச் சகோதரியின் கணவர் பிறகு நம்மிடம் சொன்னது இதுதான்: "எட்டு மாசம் ஒரே வீட்டுல இருந்தும் எனக்குத் தெரியாமப் போச்சே." அந்த வருத்தம் உங்களுக்கு வர வேண்டாம்.

துணைக்கு ஆள் இல்லாத சகோதரிகள் நம் குழுப் பெண்களிடம் சொல்லுங்கள்; கூடவே வருவார்கள். என்ன நோய் என்றுகூட நம்மிடம் சொல்லத் தேவையில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றால் போதும்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.