விண்வெளியில் உடலின் காவல்

பதுளை, பசறைத் தோட்டங்களில் லயத்து வீடொன்றிலே குழந்தைக்குச் சின்னம்மை கண்டால், வாசலில் வேப்பிலை செருகுவர். கொப்புளங்கள் வாடியபின் தலைக்குத் தண்ணீர் வார்ப்பர். அத்துடன் அம்மை இறங்கிவிட்டதென வீட்டார் ஆறுதலடைவர். ஆனால் அந்நோயின் வைரஸ் உடலை விட்டு முற்றாக நீங்குவதில்லை. நரம்பு வேர்களில் ஒடுங்கி, ஆயுள் முழுவதும் அது உறங்கிக் கிடக்கின்றது. அதனை எழாமற் காப்பவை குருதியிலுள்ள வெள்ளணுக்களே. முதுமையாலோ நோயாலோ அக்காவல் தளருமாயின், அந்த வைரஸ் விழித்து, விலாவிலோ இடுப்பிலோ அக்கியாகப் படரும்.

நமுனுகுலை மலைக்கு மேலே வானத்தை நோக்குவோர், சில இரவுகளில் விண்வெளி நிலையம் ஒளிப்புள்ளியாக விரைவதைக் காணலாம். ஏறக்குறைய 400 கிலோமீற்றர் உயரத்தில் பறக்கும் அந்நிலையத்திலும் இதே வைரஸ் விழித்தெழுகின்றது என்பது வியப்பன்றோ?

விண்வெளி வீரர்கள் உடலுறுதி நோக்கித் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள். ஆயினும் 1968இல் அப்பலோ 7இன் தலைவர் வால்டர் ஷிரா பயணத்தின்போதே தடிமனால் வருந்தினார். எடையற்ற நிலையில் சளி கீழே வடியாது தலையிலேயே தங்கிவிடும். 1970இல் அப்பலோ 13 பயணத்தில் பிரெட் ஹெய்ஸ் சிறுநீர்த் தொற்றினால் காய்ச்சலுற்றார். அப்பலோ 14 முதல், புறப்படுமுன் 3 வாரம் வீரர்களைத் தனித்து வைப்பது விதியாயிற்று.

1983இல் ஸ்பேஸ்லாப் ஆய்வுகூடத்தில் வெள்ளணுக்களை வளர்த்துத் தூண்டிப் பார்த்தனர். தரையில் அவை காட்டிய எழுச்சியில் நூற்றுக்கு 3 பங்குகூட அங்கே காணப்படவில்லை. பின்னர் வீரர்களின் உமிழ்நீர் முதலியவற்றை ஆராய்ந்தபோது, விண்ணோடங்களிற் சென்ற 89 பேரில் 47 பேரிடமும், நிலையத்தில் நெடுநாள் தங்கிய 23 பேரில் 14 பேரிடமும், சின்னம்மை வைரஸும் அதன் இனத்தனவும் வெளிப்பட்டன. பெரும்பாலோர்க்கு நோய்க்குறி தோன்றவில்லை. எனினும் காவல் தளர்ந்தமைக்கு இதுவே சான்று.

எடையின்மையும் கதிர்வீச்சும் மட்டுமே இதற்குக் காரணமல்ல. நாளொன்றுக்கு 16 முறை கதிரவன் உதிக்கும் அவ்விடத்தில் உறக்கம் கெடுகின்றது. மன அழுத்தத்தால் கோர்ட்டிசோல் எனும் சுரப்பு மிகுந்து வெள்ளணுக்களை அடக்குகின்றது. ஆயினும் நம்பிக்கைக்கும் இடமுண்டு. 2015, 2016ஆம் ஆண்டுகளில் 340 நாள் அங்கிருந்த ஸ்கொட் கெலிக்குச் சளிக்காய்ச்சல் தடுப்பூசி ஏற்றப்பட்டது. தரையிற் போலவே அவருடல் அதனை ஏற்றது. காவலர் தளர்ந்தாலும் கற்றதை மறப்பதில்லை.

விண்ணுக்குச் செல்வோர் மிகச் சிலரே. உறக்கமிழந்து, கவலை சுமந்து மலையேறிக் கொழுந்து பறிப்போரோ பலர். ஆகையால் அக்கி கண்டவர் காவி பூசிக் காத்திராது, 3 நாளுக்குள் வைத்தியசாலையை நாடுதல் வேண்டும். மருந்து அப்பொழுதே நன்கு பயன்படும். அக்கிக் கொப்புளத்தின் நீர், சின்னம்மை காணாத குழந்தைக்கும் கருவுற்ற தாய்க்கும் அந்நோயைத் தரவல்லது. ஒரு சுவருக்கு இருபுறமும் இரு குடும்பங்கள் வாழும் லயத்தில், ஒருவர் தம்மைக் காப்பது அயலாரையும் காப்பதாகும்.