கன்னியர் மடத்தில் ஒரு காபி

(ஆண்டுக் கூட்டத்தில் சி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியது)

நம் சமூகக்கூடத்தை வெளியார் விசேஷங்களுக்கு வாடகைக்கு விடலாமா என்று அடுத்து பேசப்போகிறோம். அதற்கு முன் ஐந்து நிமிடம் ஒரு கட்டடத்தின் கதை சொல்கிறேன்.

போன வருஷம் பேரனைப் பார்க்க சிங்கப்பூர் போயிருந்தேன். சிட்டி ஹால் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சைம்ஸ் என்ற இடத்துக்கு மகன் காபி சாப்பிட அழைத்துப் போனான். வளைவு வளைவாகத் தாழ்வாரங்கள், எங்கு பார்த்தாலும் உணவகம், மதுக்கூடம். நடுவில் ஒரு தேவாலயம். "உள்ளே பூசை கிடையாதுப்பா, கல்யாண வரவேற்புக்கு விடுறாங்க" என்றான்.

அங்கே இருப்பதிலேயே பழையது கால்டுவெல் இல்லம். நம் திருநெல்வேலி கால்டுவெல் இல்லை. இவர் மாஜிஸ்திரேட்டிடம் எழுத்தராக இருந்தவர். கோல்மன் என்ற கட்டடக் கலைஞர் 1840-41இல் கட்டிய வீடு. 1852இல் ஃபாதர் பூரெல் அதை வாங்கினார். 1854இல் குழந்தை இயேசு சபைக் கன்னியாஸ்திரீகள் வந்து சேர்ந்தார்கள். மாடியில் அரைவட்டமாக ஓர் அறை; அங்கே உட்கார்ந்துதான் தைப்பார்கள், படிப்பார்கள். பள்ளியும் அனாதை இல்லமும் நடத்தினார்கள். தெருப்பக்கம் ஒரு சின்னக் கதவு. வளர்க்க வழியில்லாதவர்கள் பச்சைக் குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்களாம். 'நம்பிக்கை வாசல்' என்று பெயர். கதவு இன்றும் இருக்கிறது. காபி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

1983இல் பள்ளி தோ பாயோவுக்கு மாறியது. 1990இல் அந்த வீட்டையும் தேவாலயத்தையும் தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவித்தார்கள். 1996இல்தான் கடைகள் திறந்தன. இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் பாதுகாப்பு, பிறகு வியாபாரம்.

அப்படியும் தொல்லை வந்தது. 2015இல் ஈஸ்டருக்கு முந்தின நாள் அங்கே ஒரு நடன விருந்து அறிவித்தார்கள். விளம்பரத்தில் கன்னியாஸ்திரீ வேஷத்தில் பெண்கள்! கத்தோலிக்கர்கள் எதிர்த்தார்கள், போலீஸ் அனுமதி மறுத்தது. சுவரை இடிக்கக் கூடாது என்று எழுதிவைப்பது சுலபம். சுவருக்குள் என்ன நடக்கலாம் என்பதுதான் சிக்கல்.

நம் கூடம் ஒன்றும் நினைவுச் சின்னம் இல்லை, தெரியும். மராமத்துக்குப் பணம் வேண்டும் என்பதும் தெரியும். நான் வாடகைக்கு விடுவதை எதிர்க்கவில்லை. ஆனால் முன்பணம் வாங்கிய பிறகு விதி போட முடியாது. ஒலிபெருக்கி எத்தனை மணி வரை, வண்டிகள் எங்கே நிற்கும், எச்சில் இலையை யார் அள்ளுவது என்பதெல்லாம் முதலிலேயே எழுத்தில் வேண்டும். கூடத்தை ஒட்டிய வாசிப்பறை வாடகைக் கணக்கில் சேரவே கூடாது. தினமும் காலையில் அங்கே பேப்பர் படிக்கிறவர்களில் நானும் ஒருவன். சுயநலம் என்றால் சுயநலம்தான்.

விதிகளின் வரைவு வாசல் மேசையில் இருக்கிறது. வேண்டாத வரிகளை அடித்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போங்கள்.