முன்வரிசை நாற்காலி

(கலைத் திருவிழாவை முன்னிட்டு மரக்காணம் வட்டார ஆசிரியர்கள் கூடியபோது பேசியதன் எழுத்து வடிவம்)



கலைத் திருவிழாப் போட்டிகளின் பட்டியல் நம் எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. யாரை எதில் சேர்ப்பது என்ற கணக்கு மனத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கும் நேரம் இது. இந்த நேரத்தில் கறுப்பினக் கலைஞர்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றால், உப்பளத்து வாத்தியாருக்கு அமெரிக்காவில் என்ன வேலை என்று நினைப்பீர்கள். நான் தமிழ் நடத்துகிறவன். அதனால் நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன்.

இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் இடைக்கழிநாடு. சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் அந்த நாட்டு நல்லூர்க்காரர். அந்நூலில் வரும் எயிற்பட்டினம் நம் மரக்காணம்தான் என்று கருதும் ஆய்வாளர்கள் பலர். உமணர்களின் உப்பு வண்டிகள் அந்த நூலில் வரிசையாகப் போகின்றன. அதே நூலில் யாழ் வாசிக்கிற பாணன் வீட்டு அடுப்பங்கரையும் வருகிறது. கூரை இற்று விழுந்த வீடு. குட்டி போட்ட நாய், பால் வற்றிய மடியைக் குட்டிகள் பற்றுவது தாங்காமல் குரைக்கிறது. குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி வந்து வேகவைக்கிறாள் பாணனின் மனைவி. போடுவதற்கு உப்பு இல்லை. அக்கம்பக்கத்தார் கண்ணில் பட்டால் அவமானம் என்று கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

உப்பு விளைகிற கடற்கரையைச் சேர்ந்த புலவர், கலைஞன் வீட்டுச் சட்டியில் உப்பு இல்லை என்று எழுதியிருக்கிறார். இதைப் பலமுறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். நயம் பாராட்டியிருக்கிறேன். அந்தக் கதவை ஏன் சாத்தினார்கள் என்பது மட்டும் எனக்கு வெகு காலம் விளங்கவில்லை. ஒரு மாணவன்தான் விளங்கவைத்தான்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. நான் அப்போது வேலை பார்த்தது வேறொரு பள்ளி. எட்டாம் வகுப்பில் ஒரு பையன். மதிய இடைவேளையில் பெஞ்சில் விரலால் தட்டுவான். சும்மா தட்டுகிற தட்டு அல்ல. வலக்கை ஒன்று பேசும், இடக்கை வேறொன்று பதில் சொல்லும். நின்று கேட்டேன். எங்கே கற்றாய் என்றால், "தாத்தா அடிப்பாரு சார்" என்றான். ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. பறையாட்டம் வைக்கலாம், நீதான் முன்னால் நிற்க வேண்டும் என்றேன்.

"வேணாம் சார்" என்றான்.

கூச்சம் என்று நினைத்தேன். பையன்களின் கூச்சத்தைப் போக்குவதுதானே நம் வேலை? மூன்று நாள் விடாமல் கேட்டேன். மூன்றாம் நாள் தலையாட்டினான். சம்மதித்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன்.

விழா அன்று அவனுடைய தாத்தாவும் அப்பாவும் வந்தார்கள். நம் பக்கத்துக் கடற்காற்றின் ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும். தீயில் காய்ச்சினால்தான் பறை பேசும். இருவரும் கழிவறைக்குப் பின்னால் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக் காய்ச்சிக் கொடுத்தார்கள். பையன் அடித்த அடியில் பந்தலே எழுந்து நின்றது. சிறப்பு விருந்தினர் இரண்டாவது முறை அடிக்கச் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அழைப்பிதழை இன்னும் வைத்திருக்கிறேன். பரதநாட்டியம் என்ற இடத்தில் மாணவியின் பெயர் இருக்கிறது, கற்றுக்கொடுத்த ஆசிரியையின் பெயரும் இருக்கிறது. பறையாட்டம் என்ற இடத்தில் 'எட்டாம் வகுப்பு மாணவர்கள்' என்று மட்டும் இருக்கிறது. மெய்ப்புத் திருத்தியது நான்தான். நாட்டியம் ஆடிய பெண்ணின் பெற்றோர் முன்வரிசையில் இருந்தார்கள். பறையைக் காய்ச்சிக் கொடுத்த இருவரும் விழா முடியும்வரை சுற்றுச்சுவர் ஓரம் நின்றார்கள். உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. உட்காருங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை.

மறுநாள் வகுப்பில் ஒருவன் அவனிடம், "எங்க தாத்தா இழுத்துக்கிட்டு கெடக்காரு, மேளத்தோட வந்துடு" என்றிருக்கிறான். வகுப்பே சிரித்திருக்கிறது. அதற்கடுத்த நாளிலிருந்து பையன் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து அவன் அப்பாவைத் தேடி உப்பளத்துக்குப் போனேன். பதினோரு மணி வெயில். பாத்தியில் இறங்கிப் பலகையால் உப்பை வாரி வரப்போரம் ஒதுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கரையேறி வந்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. "எங்கப்பா அடிச்சாரு. நானும் அடிச்சேன். இவன் அடிக்க வேணாம்னுதான் சார் இந்த வெயில்ல நிக்கறேன்" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. பையன் பிறகு பள்ளிக்குத் திரும்பினான். பெஞ்சில் தட்டுவதை மட்டும் விட்டுவிட்டான்.

பறையை நான் கலையாகப் பார்த்தேன். அது அவர்கள் மீது வேலையாகச் சுமத்தப்பட்டிருந்தது. ஊரில் சாவு விழுந்தால் கூப்பிட்ட குரலுக்குப் போக வேண்டும், மறுக்க முடியாது. இப்படி இருந்ததால்தான், இனிச் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று தமிழ்நாட்டின் பல ஊர்களில் தலித் மக்கள் பறையைக் கீழே வைத்தார்கள். அதே பறையை விடுதலையின் ஓசையாக மேடையேற்றியவர்களும் அவர்களிலேயே உண்டு. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது எத்தனை பேர் மகிழ்ந்தோம்! கீழே வைத்தவர்கள் பக்கமும் நியாயம், மீண்டும் எடுத்தவர்கள் பக்கமும் நியாயம். எந்தப் பக்கம் நிற்பது என்பதை அந்த வீட்டார்தான் முடிவு செய்ய வேண்டும். நான் மூன்று நாளில் அவர்களுக்காக முடிவு செய்துவிட்டேன்.

அந்த அப்பா சொன்னதையே வேறொரு நாட்டில் வேறு சொற்களில் சொன்னவர்களைப் பிறகு படித்தேன். கறுப்பினக் கலைஞர்களிடம் நான் போய்ச் சேர்ந்தது இப்படித்தான். 1946இல் அண்ணல் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். இரு மக்களின் நிலையும் ஒத்திருப்பதை அதில் குறிப்பிட்டார். அவர் பெரிய அளவில் கண்டதை நான் ஒரு வகுப்பறை அளவில் கண்டேன்.

அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்த மறு ஆண்டு, 1866இல், நாஷ்வில் நகரத்தில் விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காக ஃபிஸ்க் என்றொரு கல்வி நிலையம் தொடங்கினார்கள். ஐந்தே ஆண்டில் பணம் தீர்ந்துவிட்டது. ஜார்ஜ் ஒயிட் என்ற வெள்ளையர் அங்கே கணக்கும் பார்த்தார், இசையும் சொல்லிக்கொடுத்தார். ஒன்பது மாணவர்களை அழைத்துக்கொண்டு 1871 அக்டோபரில் ஊர் ஊராகப் பாடி நிதி திரட்டக் கிளம்பினார். அவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். முதலில் மேடையில் பாடியவை எல்லாரும் பாடுகிற பாட்டுகள்தான். தோட்டத்தில் தாயும் தந்தையும் பாடிய பாட்டுகளைத் தங்களுக்குள் மட்டும் பாடிக்கொண்டார்கள். வெளியார் முன் பாட மனமில்லை. அந்தப் பாட்டுகள் அடிமைக் காலத்தோடு ஒட்டியவை, மறக்க நினைத்தவை, பெற்றோருக்குப் புனிதமானவை என்று குழுவின் பியானோ கலைஞர் எல்லா ஷெப்பர்ட் பின்னாளில் எழுதினார்.

ஒரு வீட்டுக் கூடத்தில் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டாக அவர்கள் வெளியே எடுக்கப் பல மாதங்கள் ஆயின. அந்த ஆசிரியர் மாதக்கணக்கில் காத்திருந்தார். நான் மூன்று நாள்.

பிறகு நடந்தது வரலாறு. 1873இல் விக்டோரியா அரசியின் முன் பாடினார்கள். பாடிச் சேர்த்த பணத்தில் எழுந்த கட்டடம் 1876இல் திறக்கப்பட்டது, இன்றும் நிற்கிறது. மாணவர்கள் பாடிக் கட்டிய பள்ளிக்கூடம்! ஆனால் சுற்றுப்பயணத்தில் கைதட்டிய ஊர்களிலேயே விடுதிகள் அவர்களுக்கு அறை தர மறுத்தன. ஒயிட்டையும் நான் புனிதராக்கவில்லை. ஓயாமல் பாடி உடல் நலம் கெட்ட மாணவர்கள் அந்தக் குழுவில் இருந்தார்கள்.

கைதட்டல் உண்டு, அறை இல்லை. இது வெகு காலம் தொடர்ந்தது. 1939இல் மேரியன் ஆண்டர்சன் என்ற பாடகிக்கு வாஷிங்டனில் ஓர் அரங்கம் மறுக்கப்பட்டது. லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று பாடினார், 75,000 பேர் திரண்டார்கள். அடுத்த ஆண்டு ஹாட்டி மெக்டேனியல் ஆஸ்கர் விருது பெற்ற முதல் கறுப்பினக் கலைஞரானார். அந்த விழா விருந்தில் உடன் நடித்தவர்களோடு அவருக்கு இடமில்லை. சுவரோரம் தனி மேசை.

சுவரோரம் என்று படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

இன்னொருவரைச் சொல்ல வேண்டும். நம் வகுப்புப் பிள்ளைகளின் வயது என்பதால் சொல்ல வேண்டும். வட கரோலினாவில் டிரையன் என்ற சிற்றூர். யூனிஸ் வேமன் என்ற சிறுமிக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். பியானோ கச்சேரி. அப்பாவும் அம்மாவும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளையர்களுக்கு இடம் வேண்டும் என்று அவர்களை எழுப்பிப் பின்னால் அனுப்பினார்கள். சிறுமி பார்த்தாள். அவர்கள் முன்னால் வந்து உட்காரும்வரை வாசிக்க மாட்டேன் என்றாள். உட்கார வைத்த பிறகுதான் வாசித்தாள். பின்னாளில் நீனா சிமோன் என்று உலகம் அறிந்தது அவரைத்தான். 1951இல் பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் இசைக் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நிறமே காரணம் என்று கடைசிவரை நம்பினார். அதே நிறுவனம் 2003இல் அவருக்குக் கௌரவப் பட்டம் அளித்தது. அடுத்த சில நாட்களில் அவர் இறந்துபோனார்.

அந்தச் சிறுமிக்கு வாய்த்த துணிவு என் மாணவனுக்கு வாய்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அவனும் "வேணாம் சார்" என்று சொன்னான்தானே. காதில் வாங்காதவன் நான்.

இதெல்லாம் பழைய கதை என்று யாராவது சொன்னால், 2021ஐ நினைவூட்டுவேன். 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டைப் பாடாத குழந்தை நம் பள்ளிகளில் இருந்ததா? தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து தெருக்குரல் அறிவு எழுதிப் பாடிய பாட்டு அது. அந்த ஆண்டு ஓர் இசை இதழின் முகப்பில் அவருடன் பாடியவர் இருந்தார், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். அதன் பிறகு அறிவின் படத்தோடு இணைய முகப்பு ஒன்று வந்தது. அந்த முகப்பைப் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது என் கையால் மெய்ப்புத் திருத்திய அழைப்பிதழ்தான்.

இப்போதுள்ள பள்ளியில் சென்ற ஆண்டு மறுபடி பறையைத் தொட்டோம். இந்த முறை நான் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. பெரியவர் ஒருவரை அழைத்து வந்து, விருப்பமுள்ள எல்லா மாணவர்களுக்கும் கற்றுத்தரச் சொன்னோம். எந்தத் தெருப் பிள்ளையும் வரலாம், எந்தத் தெருப் பிள்ளையும் வராமல் இருக்கலாம். முதல் வாரம் ஆறு பேர் வந்தார்கள். சில வீடுகளிலிருந்து, "எம்புள்ள ஏன் சார் அதத் தொடணும்?" என்று கேட்டு வந்தார்கள். அவர்களை உட்கார வைத்துப் பேசியதற்குச் செலவான நேரம், பயிற்சிக்குச் செலவான நேரத்தைவிட அதிகம். இருவர் நின்றுவிட்டார்கள். வேறு ஐந்து பேர் வந்து சேர்ந்தார்கள்.

அழைப்பிதழில் 'பறையிசைப் பயிற்றுநர்' என்று பெரியவரின் பெயரை முதல் எழுத்தோடு போட்டோம். தன் பெயர் அச்சில் வருவது கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு இதுதான் என்றார். ஆசிரியர்கள் சேர்த்த தொகையை மேடையில் தரவில்லை. தலைமையாசிரியர் அறையில் உட்கார வைத்து உறையில் போட்டுக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டு எண்ணிப் பார்த்தார். எண்ணிப் பார்த்தது எனக்குப் பிடித்திருந்தது. கூலியை எண்ணத்தானே வேண்டும்.

முன்வரிசையில் அவர் பெயர் ஒட்டிய நாற்காலி போட்டிருந்தோம். அவர் அதில் உட்காரவில்லை. கையைப் பிடித்து அழைத்தும் வரவில்லை, "நின்னாதான் பசங்க தாளம் தப்புனா தெரியும் சார்" என்றார். உண்மையாகவும் இருக்கலாம். நாற்காலியை அவர் நின்ற இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். நிகழ்ச்சி முடிந்த பிறகு சற்று நேரம் அதில் உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பழைய மாணவனை இரண்டு மாதத்துக்கு முன் பார்த்தேன். உப்பு லாரி ஓட்டுகிறார். டீக்கடையில் அவரே வந்து வணக்கம் சொன்னார். அன்று நான் செய்தது தவறு என்று சொன்னேன். "விடுங்க சார், எப்பவோ நடந்தது" என்றார். தாத்தாவின் பறை வீட்டுப் பரணில் இருக்கிறதாம். தோல் போய்விட்டது, கட்டை நன்றாக இருக்கிறது என்றார். பள்ளியில் ஒன்பது பிள்ளைகள் பறை கற்பதைச் சொன்னேன்.

"எங்க தெருப் பசங்களா சார்?"

"எல்லாத் தெருவும்தான். உங்க தெருவுல அஞ்சு பேரு. மத்த தெருவுல நாலு பேரு."

"நாலு பேரா?" என்று இன்னொரு முறை கேட்டுவிட்டு, டீக்குக் காசு கொடுத்து லாரியை எடுத்தார்.