ஒரே மாத்திரை, ஆய்வில் பெண் எங்கே?

(பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோரக் கிராமங்களின் கட்சிக் கிளைகளுக்கு ஆற்றப்பட்ட உரை)



1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் தமிழகத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. இன்று களியிக்காவிளைக்கு இப்பாலும் அப்பாலும் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழும் பெண்ணுக்கு அரசு மருத்துவமனை இலவசமாகத் தருவது பெரும்பாலும் ஒரே கூட்டு மாத்திரைதான். டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் அதில் உள்ளன. அது உயிர்காக்கும் மருந்து, அதில் ஐயமில்லை. ஆனால், அது யாருடைய உடலில் சோதித்து அறியப்பட்டது?

உலகில் இத்தொற்றுடன் வாழ்வோரில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்களும் சிறுமிகளுமே. இந்தியாவில் அவர்கள் ஏறக்குறைய 44 விழுக்காடு. ஆனால் பல ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளிவந்த மதிப்பீட்டின்படி, மருந்து ஆய்வுகளில் பெண்களின் பங்கு சுமார் 19 விழுக்காடு. முற்றாகக் குணமாக்கும் வழிதேடும் ஆய்வுகளில் 11 விழுக்காடு மட்டுமே. டொலுடெக்ராவிரைப் புதிய நோயாளிகளிடம் சோதித்த மூன்று பெரிய ஆய்வுகளிலும் பெண்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

இது தற்செயல் அன்று. கருவுறும் வாய்ப்புள்ள பெண்களைத் தொடக்கநிலைச் சோதனைகளிலிருந்து விலக்குமாறு 1977இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வழிகாட்டியது. 1993இல்தான் அது கைவிடப்பட்டது. பாதுகாப்பு என்ற பெயரில் அறியாமையே வளர்க்கப்பட்டது. அதன் விலையைப் பெண்களே கொடுத்தனர். 2018இல் போட்ஸ்வானாவில், டொலுடெக்ராவிர் உட்கொண்ட தாய்மாரின் சில குழந்தைகளுக்கு நரம்புக்குழாய்க் குறைபாடு காணப்பட்டது. உடனே பல நாடுகளில் இளம்பெண்களுக்கு அம்மருந்து மறுக்கப்பட்டது. ஆப்பிரிக்கப் பெண்கள் எதிர்த்துக் குரல் எழுப்பினர். கூடுதல் தரவுகள் வந்தபின், 2019இல் உலக சுகாதார நிறுவனம் அனைவருக்கும் அதைப் பரிந்துரைத்தது. பெண்களே பெரும்பான்மையாகப் பங்கேற்ற தென்னாப்பிரிக்க ஆய்வும் அதே ஆண்டில் வெளிவந்தது. இம்மருந்தால் உடல் எடை கூடுவது ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம் என்பது அதில் தெரிந்தது. பெண்களைச் சேர்த்தால் மட்டுமே வெளிப்படும் உண்மை அது.

அவ்வாறெனில் எப்படியாவது பெண்களைச் சேர்த்துவிட்டால் போதுமா? போதாது. 1986இல் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் கண்டறிந்தனர். மகத்தான பணி அது. ஆயினும் இரத்தம் தந்தவர்கள், அரசுக் காப்பகத்தில் அடைபட்டிருந்த பாலியல் தொழிலாளிகள். எதற்காக இரத்தம் எடுக்கப்படுகிறது என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. 2009இல் கம்மம் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வு நடந்தபோது, பழங்குடிச் சிறுமிகள் பலரின் ஒப்புதல் படிவங்களில் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டனர். பெண்ணை விலக்குவதும் கேளாமல் பயன்படுத்துவதும் ஒரே அநீதியின் இரு முகங்கள்.

இதில் வர்க்கமும் உண்டு. பாலராமபுரம் கைத்தறித் தொழிலாளியோ மார்த்தாண்டம் முந்திரி ஆலைத் தொழிலாளியோ மீண்டும் மீண்டும் ஒருநாள் கூலியை இழந்து ஆய்வு மையத்துக்கு வர இயலாது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சம் வேறு. இத்தடைகள் நீங்காமல், 'பெண்கள் முன்வருவதில்லை' என்று கூறுவது, கதவைப் பூட்டிவிட்டு விருந்தினர் வரவில்லை என்று குறைகூறுவதற்கு ஒப்பாகும்.

தடைகள் நீங்கக் கூடியவையே. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடப்படும் லெனகாபாவிர் என்னும் தடுப்பு ஊசி, தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இளம்பெண்களிடமே சோதிக்கப்பட்டது. கருவுற்றோரும் ஆய்வில் தொடர அனுமதிக்கப்பட்டனர். அந்த ஊசி பெற்ற இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரில் ஒருவருக்கும் தொற்று ஏற்படவில்லை என்று 2024இல் முடிவு வெளியானது.

அறிந்து அளிக்கும் ஒப்புதலின்றி எச்.ஐ.வி. ஆய்வு கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு மேலும் கோர வேண்டியவை உள்ளன. பொதுநிதியில் நடக்கும் ஒவ்வோர் ஆய்வும் நோயாளிகளின் விகிதத்துக்கேற்பப் பெண்களைச் சேர்க்க வேண்டும். முடிவுகளைப் பாலினவாரியாக வெளியிட வேண்டும். இழக்கும் கூலிக்கு ஈடும், பயணச் செலவும், குழந்தைக் காப்பகமும், இரகசியப் பாதுகாப்பும் தர வேண்டும். ஒப்புதல் படிவம் பங்கேற்பவரின் தாய்மொழியில் இருக்க வேண்டும். எல்லையோரத் தமிழ்ப் பெண்ணுக்கு மலையாளப் படிவத்தை மட்டும் நீட்டிப் பெறும் கையெழுத்து ஒப்புதல் ஆகாது.

இக்கோரிக்கைகளை மாதர் அமைப்புகளிடமும் தொழிற்சங்கங்களிடமும் எடுத்துச் செல்வது கிளைகளின் கடமை.