முகமே நுழைவுச்சீட்டு

விமான நிலைய வாயிலில் பயணியின் முகத்தைக் கேமரா படம்பிடிக்க, கண்களுக்கு இடையிலான தொலைவு, மூக்கின் அமைப்பு முதலிய கூறுகளைக் கணினி எண்களின் தொகுப்பாக மாற்றி, முன்பே பதிவான படத்துடன் ஒப்பிட்டு அவரை அடையாளம் காண்பதே முகமறிதல் தொழில்நுட்பம் எனப்படுகிறது. இந்தியாவில் 2022 டிசம்பர் 1 அன்று தில்லி, பெங்களூரு, வாராணசி விமான நிலையங்களில் தொடங்கப்பட்ட டிஜி யாத்ரா திட்டம் இம்முறையில் இயங்குகிறது. பயணியின் விவரங்கள் அவரது கைப்பேசியிலேயே இருக்கும் என்றும், விமான நிலையத்துடன் பகிரப்பட்டவை விமானம் புறப்பட்ட 24 மணி நேரத்திற்குள் நீக்கப்படும் என்றும் அதன் விதிமுறைகள் கூறுகின்றன. கடவுச்சொல் களவுபோனால் மாற்றிக்கொள்ளலாம், முகத்தை மாற்ற இயலாது என்பதால், அவ்விதிகள் வழுவாது காக்கப்படுதல் இன்றியமையாதது. இத்திட்டத்தில் சேர்வது கட்டாயமன்று என்பதையும், அடையாள அட்டை காட்டி நுழையும் வழக்கமான வழி திறந்தே உள்ளது என்பதையும் பயணிகள் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.