சுவிச்சு ஆற்றை கையிலை?

(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மலருக்காக எழுதித் தரப்பட்டது.)



செயலாளர் அண்ணை என்னைப் பேசக் கூப்பிட்டபோது "கணனியும் நாங்களும்" எண்டு ஒரு தலைப்புத் தந்தவர். நான் கணனி படிச்சவன் இல்லை. கிளிநொச்சியிலை ஏ.எல். எழுதினதோடை என்ரை படிப்பு நிண்டு போச்சு. இப்ப இங்கை பிறம்ரனிலை போத்தல் மூடி செய்யிற ஒரு தொழிற்சாலையிலை மெசினுக்கு முன்னாலை நிக்கிறனான். ஆனால் போன் வைச்சிருக்கிற எல்லாருக்கும் அதைப்பற்றிக் கதைக்க உரிமை இருக்குத்தானே. அந்த உரிமையிலைதான் கதைக்கிறன்.

போன கூட்டத்திலை ஒரு யோசனை வந்தது. மலர் அச்சடிக்கச் செலவு கூடிப்போச்சு, ஆகவே அடுத்த வருசத்திலையிருந்து அச்சை நிப்பாட்டி எல்லாத்தையும் வட்ஸ்அப்பிலையும் பேஸ்புக்கிலையும் போடுவம், உறுப்பினர்களின் பெயர், தொலைபேசி இலக்கப் புத்தகமும் வேண்டாம் எண்டு. அதுக்கு முதலாவதாய்க் கை உயர்த்தினவன் நான்தான். இண்டைக்கு அந்தக் கையை இறக்குறதுக்கு வந்திருக்கிறன். ஏன் எண்டு சொல்லுறன், கொஞ்சம் பொறுமையாய்க் கேளுங்கோ.

2022ஆம் ஆண்டு யூலை 8ஆம் திகதி வெள்ளிக்கிழமை உங்களில் கனபேருக்கு ஞாபகம் இருக்கும். அண்டு விடியப்புறம் ஐந்து மணி அளவிலை றொஜர்ஸ் நிறுவனத்தின் வலையமைப்பு முழுக்க விழுந்தது. கைத்தொலைபேசி, வீட்டுத் தொலைபேசி, இணையம் எல்லாம் ஒண்டாய்ப் போச்சு. ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். கடைகளிலை இன்ரரக் அட்டை வேலை செய்யேல்லை. சிலராலை 911க்குக்கூட எடுக்க முடியேல்லை. அண்டு இரவு ரொறன்ரோவிலை, றொஜர்ஸ் பெயரிலையே இருக்கிற மைதானத்திலை, வீக்கெண்ட் எண்ட பாடகரின் இசைநிகழ்ச்சி நடக்க இருந்தது. அதையும் பின்போட்டுவிட்டார்கள்.

என்ன நடந்தது? குண்டும் இல்லை, புயலும் இல்லை. வலையமைப்பைப் புதுப்பிக்கிற வேலையிலை ஒரு வடிகட்டியை எடுத்துவிட்டார்கள். எங்கடை தொழிற்சாலைக் கணக்கிலை சொன்னால் உங்களுக்கு விளங்கும். பெல்ற்றிலை பெட்டிகள் வரேக்கை, பொதி செய்யிற இடத்துக்கு முன்னாலை ஒரு தடுப்பு இருக்கும். அளவாய்த்தான் உள்ளுக்கை விடும். அந்தத் தடுப்பைக் கழட்டினால் எல்லாப் பெட்டியும் ஒரேயடியாய் வந்து குவிஞ்சு மெசின் நிண்டுபோகும். அதுதான் நடந்தது. எந்தத் தகவல் எந்தப் பாதையாலை போகவேணும் எண்ட விபரங்கள் வெள்ளமாய் வந்து, நடுவிலை இருக்கிற பெரிய கருவிகளை மூழ்கடிச்சுவிட்டுது.

எனக்குச் சிரிப்பும் கவலையும் தந்தது அடுத்த விசயம். திருத்த வேண்டிய வேலையாட்களும் அதே நிறுவனத்தின் போனைத்தான் வைச்சிருந்தார்கள். வலையமைப்பு விழுந்தவுடனை ஒருத்தரோடை ஒருத்தர் கதைக்க முடியேல்லை. பிறகு வேறு நிறுவனங்களின் சிம் அட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் வேலை தொடங்கினார்கள். திறப்பை வீட்டுக்குள்ளை வைச்சுப் பூட்டின கதைதான். வாடிக்கையாளர்களுக்கு ஐந்து நாள் கட்டணத்தைக் கழிச்சுவிட்டார்கள். அந்த வருசம் செப்ரெம்பரிலை பெரிய தொலைபேசி நிறுவனங்கள் எல்லாம் ஆபத்திலை ஒருவருக்கொருவர் உதவுறது எண்டு ஒப்பந்தமும் செய்தன. நல்லது. ஆனால் அவ்வளவு பெரிய நிறுவனமே எல்லாத்தையும் ஒரே கூடைக்குள்ளை வைச்சு மாட்டுப்பட்டுது எண்டால், எங்கடை சின்னச் சங்கம் எம்மாத்திரம்?

இரண்டாவது கதை பேஸ்புக்கைப் பற்றியது. செய்தி நிறுவனங்களின் செய்திகளைக் காட்டி உழைக்கிற பெரிய இணைய நிறுவனங்கள் அதுக்குக் காசு கொடுக்கவேணும் எண்டு கனடா அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2023 யூன் 22இலை அது சட்டமானது. பேஸ்புக்கும் இன்ஸ்ரகிறாமும் வைச்சிருக்கிற மெற்றா நிறுவனம், காசு தரமாட்டம், செய்தியையே காட்டமாட்டம் எண்டு சொல்லி, ஓகஸ்ட் 1ஆம் திகதியிலையிருந்து கனடாவிலை இருக்கிற ஆட்களுக்குச் செய்திகளை மறைக்கத் தொடங்கினது. கனடாப் பத்திரிகை மட்டும் இல்லை, வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களின் பக்கங்களும் எங்களுக்குத் திறக்காது எண்டு அறிவிச்சது. கூகிள் அப்படிச் செய்யேல்லை. வருசத்துக்கு 100 மில்லியன் டொலர் கொடுக்க நவம்பரிலை உடன்பட்டது.

அந்த ஓகஸ்ட் மாதத்திலைதான் வடக்கிலை காடு எரிஞ்சது. யெலோநைவ் நகரத்திலை இருந்த இருபதினாயிரம் பேரளவிலை வெளியேறச் சொன்னார்கள். எந்த வீதி திறந்திருக்குது, நெருப்பு எங்கை வந்திட்டுது எண்ட செய்தியைப் பேஸ்புக்கிலை பகிர முடியாமல், செய்தியைப் படம் பிடிச்சுப் படத்தைப் போட்டார்கள். இடம்பெயர்ந்து போறது எண்டால் என்ன எண்டு இந்த மண்டபத்திலை ஒருத்தருக்கும் விளக்கத் தேவையில்லை. மூட்டை கட்டிக்கொண்டு றோட்டிலை நிக்கேக்கை ஒரு செய்தியின் பெறுமதி என்ன எண்டு எங்களுக்குத் தெரியும்.

சட்டம் சரியோ பிழையோ எண்டு நான் தீர்ப்புச் சொல்ல வரேல்லை. செய்தி எழுதுறவைக்கும் கூலி கிடைக்கவேணும், நானும் கூலிக்காரன்தான். என்ரை கோபம் என்னெண்டால், அரசாங்கமும் நிறுவனமும் இழுபறிப்பட்டதிலை, வாசிக்கிற எங்களை ஒருத்தரும் கேக்கேல்லை. ஒரு நாள் விடிய எழும்பிப் பார்த்தால் பக்கம் இல்லை. இன்னொண்டும் சொல்லவேணும். பேஸ்புக்கிலையிருந்து செய்தி போச்சு, வதந்தி போகேல்லை. பத்திரிகையின் பக்கம் திறக்காது, ஆனால் "அகதிகள் எல்லாரையும் அடுத்த மாதம் திருப்பி அனுப்பப்போறாங்களாம்" எண்டு ஆரோ எழுதினது மட்டும் நல்லாய்த் திறக்கும். விண்ணப்பம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள் அதை வாசிச்சுவிட்டு இரவிலை நித்திரை இல்லாமல் எனக்கு எடுத்துக் கேட்டவை.

மூண்டாவது கதை எங்கடை நாட்டிலை நடந்தது. 2007 யூனிலை தமிழ்நெற் இணையத்தளத்தை இலங்கையிலை பார்க்க முடியாமல் தடுத்தார்கள். 2018 மார்ச்சிலை கண்டிப் பக்கம் முஸ்லிம் மக்களுக்கு எதிராகக் கலவரம் நடந்தபோது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாத்தையும் மூடினார்கள். 2019 ஏப்ரல் 21 ஈஸ்ரர் குண்டுவெடிப்புக்குப் பிறகும் மூடினார்கள். பிறகு 2022 ஏப்ரல் 3 ஞாயிற்றுக்கிழமை, சாமான் இல்லை, எரிபொருள் இல்லை, மின்சாரம் இல்லை எண்டு சனம் தெருவுக்கு இறங்கின நேரம், ஊரடங்கும் போட்டு இவற்றையும் பதினைந்து மணித்தியாலம் அளவிலை மூடினார்கள்.

அந்த இரவு எனக்கு என்ன நடந்தது எண்டு சொல்லுறன். ஒவ்வொரு சனிக்கிழமையும் இரவு 11 மணிக்கு வேலை முடிஞ்சு, காரிலை இருந்துகொண்டே அம்மாவுக்கு வட்ஸ்அப்பிலை எடுக்கிறது என்ரை வழக்கம். அங்கை அப்ப ஞாயிறு காலமை எட்டரை. அண்டைக்குப் போகேல்லை. திருப்பித் திருப்பி அடிச்சன், போகேல்லை. அம்மாவுக்குச் சீனி வருத்தம். அந்தக் கிழமை மருந்து கிடைக்கேல்லை எண்டு சொல்லியிருந்தவ. நேரை எடுப்பம் எண்டால் என்ரை போன் திட்டத்திலை வெளிநாட்டு அழைப்பு இல்லை. முந்தி எந்தத் தமிழ்க் கடைக்குப் போனாலும் இரண்டு போன் காட் வாங்கிக்கொண்டு வாறது. வட்ஸ்அப் வந்தபிறகு கன வருசமாய் வாங்கேல்லை, அந்த நேரம் கடையும் பூட்டியாச்சு. பக்கத்து வீட்டு மாஸ்ரரின் வீட்டு இலக்கம் ஒரு காலத்திலை மனப்பாடம். அதையும் மறந்துபோனன், எழுதியும் வைக்கேல்லை. அந்தப் பிழை என்ரை பிழை, வேறு ஒருத்தரின்ரையும் இல்லை. விடியும்வரை படுக்கேல்லை.

காலமை ஆறு மணிக்குப் பிறகு இணைப்புக் கிடைச்சது. நான் அழாக்குறையாய்க் கதைக்க, அம்மா சொன்னா, "ஏன்டா பதறுறாய்? முந்தி செஞ்சிலுவைச் சங்கத்தாலை ஒரு கடிதம் வர மாதக்கணக்கு. நாங்கள் இருக்கேல்லையே? அப்பர் சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டவர். உனக்கு ஒரு இரவுக்கே ஏலாமல் போச்சு" எண்டு.

அம்மாவின் கதையை நான் கன நாள் யோசிச்சன். கரண்டும் இல்லாமல், பற்றறியும் இல்லாமல் இருந்த காலத்திலை, அப்பா கையாலை பெடலைச் சுத்தி பிபிசி தமிழோசை கேட்டவர். அந்த டைனமோவின் சுவிச்சு அவரின் கையிலை இருந்தது. எனக்கு எல்லா வசதியும் இருக்குது, ஆனால் சுவிச்சு என்ரை கையிலை இல்லை. ஒண்டு கொம்பனியின் கையிலை, இல்லாட்டி அரசாங்கத்தின் கையிலை. அண்டைக்கும் எங்களை இருட்டிலை வைச்சவை இருந்தவைதான். ஆனால் எங்களிட்டை இரண்டாவது வழி எப்பவும் ஒண்டு இருந்தது.

வேலைத்தலத்திலையும் இதே கதைதான். ஆட்களை அனுப்புற ஒரு ஏஜென்சி, இனி ஷிப்ட் எல்லாம் போனிலை அப் மூலம்தான் தருவம் எண்டு மாத்திவிட்டுது. எங்களோடை நிண்ட ஒரு அக்காவின் பழைய போனுக்கு அந்த அப் ஏறாது. இரண்டு கிழமை அவவுக்கு வேலை வரேல்லை. ஆரும் நிப்பாட்டேல்லை, ஆரும் பேசேல்லை, சும்மா வரேல்லை. "நான் என்ன பிழை விட்டனான் தம்பி?" எண்டு என்னைக் கேட்டா. பிழை விட்டது அவ இல்லை, ஆறு வருசப் பழைய போன். அவவின் மகளின் போனிலை அதை ஏத்திக் குடுத்தபிறகுதான் வேலை வந்தது. மனிசரைப் பார்த்துக் கதைக்கிற ஒரு ஆளை வைச்சிருந்தால் அந்த இரண்டு கிழமைச் சம்பளம் போயிருக்காது.

கடைசியாய் எங்கடை மலரைப் பற்றி. சங்கத்தின் அலுமாரியிலை பழைய மலர்களின் பிளொப்பித் தட்டுகள் இருக்குது. ஒரு தம்பி அதிலை ஒண்டைத் திறந்து பார்த்தான். எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். அது பாமினி எழுத்துருவிலை அடிச்சது. அந்தக் காலத்திலை ஆங்கில எழுத்துகளுக்குரிய இடத்திலை தமிழ் எழுத்தின் படத்தை வைச்சுத்தான் தமிழ் அடிச்சவை. பாமினி இல்லாத கணனியிலை "அம்மா" எண்டு அடிச்சது, எம், கே, அரைப்புள்ளி, கே, எச் எண்டுதான் தெரியும். 1991இலை வந்த யூனிகோட் முதற் பதிப்பிலேயே தமிழுக்கெண்டு தனி இடம் கொடுத்தாச்சு. ஆனால் அது எங்கடை வீட்டுக் கணனிகளுக்கு வந்து பழக்கப்படக் கன வருசம் எடுத்தது. பாமினியிலை அடிச்சதை யூனிகோட்டுக்கு மாத்தலாம், பெரிய வேலை இல்லை. ஆனால் பல தட்டுகள் இப்ப திறக்கவே இல்லை. அதே மலர்களின் அச்சுப் பிரதி? அலுமாரியிலை இருக்குது. கொஞ்சம் மஞ்சளாய்ப் போச்சு, ஆனால் ஒரு எழுத்தும் மாறேல்லை. வாசிக்கிறதுக்குக் கண் மட்டும் காணும்.

இதாலை நான் கணனிக்கு எதிரி எண்டு நினைக்காதேங்கோ. 2005இலை தொடங்கின நூலகம் திட்டம், ஈழத்துப் புத்தகங்களையும் சஞ்சிகைகளையும் மின்பிரதி எடுத்து உலகம் முழுக்க இலவசமாய் வாசிக்கத் தருகுது. யாழ்ப்பாண நூலகம் 1981இலை எரிஞ்சபோது ஒரே ஒரு பிரதி இருந்த ஏடுகளும் எரிஞ்சுபோச்சு. ஒரு இடத்திலை மட்டும் வைச்சால் நெருப்பு ஒண்டு காணும். அது கடதாசிக்கும் பொருந்தும், பேஸ்புக்குக்கும் பொருந்தும்.

ஆகவே என்ரை யோசனைகள் நாலு. ஒண்டு, மலரை அச்சடிப்பம், பக்கத்தைக் குறைச்சாலும் பரவாயில்லை. அதோடை யூனிகோட்டிலை ஒரு பிரதி செய்து நூலகத்துக்கும் அனுப்புவம். இரண்டு, உறுப்பினர்களின் இலக்கப் புத்தகம் தொடர்ந்து வரவேணும். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு இலக்கம், முடிஞ்சால் இரண்டு வேறு நிறுவனத்தின்ரை. மூண்டு, மாதத்திலை ஒரு சனிக்கிழமை இந்த மண்டபத்திலை இளம் பிள்ளைகள் ஒரு மேசை போட்டு இருக்கட்டும். அப் ஏத்தத் தெரியாத அக்காமாரும் ஐயாமாரும் வெக்கப்படாமல் வந்து கேக்கட்டும். முதல் சனிக்கிழமைக்கு நானும் வாறன். நாலு, வீட்டிலை கொஞ்சம் காசுத்தாள், ஒரு பற்றறி ரேடியோ, ஊரிலை அயலவர் ஒருவரின் இலக்கம், இந்த மூண்டும் வைச்சிருங்கோ.

அச்சுச் செலவு எண்டு பொருளாளர் அண்ணை என்னைப் பார்க்கிறார். அவரின் கவலை நியாயமானது. என்ரை பங்குக்கு ஒரு நாள் ஓவர்ரைம் சம்பளத்தை இண்டைக்கே தாறன். மிச்சத்தை இந்த மண்டபத்திலை இருக்கிறவை பார்த்துக்கொள்ளுவினம் எண்டு நம்புறன்.

அம்மாவின் இலக்கமும் பக்கத்து வீட்டு மாஸ்ரரின் இலக்கமும் இப்ப என்ரை பேர்சிலை கடதாசியிலை எழுதி இருக்குது. அந்தக் கடதாசிக்கு சார்ஜ் போடத் தேவையில்லை. நீங்களும் வீட்டுக்குப் போனவுடனை எழுதுங்கோ.